உங்கள் ஓவியத்தை நண்பர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டால் என்ன செய்வது?

இதைத் தேடிப் படிக்க வந்திருக்கிறீர்கள் என்றால் அநேகமாக இன்றோ நேற்றோதான் அதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வரைந்த படம் நண்பரின் பக்கத்தில் இருக்கிறது, கீழே "செமயா வரைஞ்சிருக்க" என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். வயிற்றைப் பிசையும். முன்பின் தெரியாதவர் எடுத்திருந்தால் கோபம் மட்டும்தான் வரும். நண்பர் எடுத்தால் கோபத்தோடு சேர்ந்து, நாம்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறோமோ என்று நம் மேலேயே சந்தேகமும் வரும். நீங்கள் பெரிதாக்கவில்லை. வரைந்தவர் பெயர் வரைந்தவருக்குத்தான் சேர வேண்டும், அதைக் கேட்பது அற்பத்தனம் கிடையாது.

எனக்கு இது நடந்திருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்த ஒரு மிதிவண்டியை நீர்வண்ணத்தில் வரைந்திருந்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிட்டது, துடைத்தால் தாள் பிய்ந்துவிடும் என்று அதையே இழுத்துத் தரையில் விழும் நிழலாக மாற்றிவிட்டேன். சில மாதம் கழித்து அதே படம் நெருங்கிய நண்பர் ஒருவரின் பக்கத்தில் வந்தது, கீழே என் கையெழுத்து இருந்த ஒரு விரல் அகலத்தை மட்டும் வெட்டிவிட்டு. அந்தச் சொட்டு அப்படியே இருந்தது. நட்பு கெட்டுவிடுமே என்று 11 நாள் நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் இதே மாதிரி ஒன்று வரைந்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டு, அவரும் சரி என்று சொல்லிவிட்டார். முதல் நாளே நான் கேட்டிருந்தால் ஒரு வரி திருத்தத்தில் முடிந்திருக்கும். 11 நாள் கழித்துக் கேட்டபோது, சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் சொல்ல வேண்டிய இடத்துக்கு அவர் போயிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், சீக்கிரம் பேசுவது உங்களுக்கு மட்டும் இல்லை, அந்த நட்புக்கும் நல்லது. பொறுத்துப் போவதால் நட்பு காப்பாற்றப்படும் என்று நினைக்காதீர்கள், அந்த நாட்களில் அவர் திரும்பி வரும் வழி அடைந்துகொண்டே போகிறது.

சரி, வரிசையாகப் போவோம்.

முதல் வேலை: எதுவும் எழுதாமல் ஆதாரத்தை எடுத்து வையுங்கள்

கமெண்ட் போடாதீர்கள், ஃபோன் செய்யாதீர்கள், வேறு நண்பருக்கு அனுப்பி "இதப் பாத்தியா" என்று கேட்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட். நீங்கள் பேசிய அடுத்த நிமிடமே அந்தப் பதிவு காணாமல் போகலாம், அப்புறம் "நான் அப்படிப் போடவே இல்லையே" என்றால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்கிரீன்ஷாட்டில் படம் மட்டும் இருந்தால் போதாது. கணக்கின் பெயர், தேதி, படத்துக்குக் கீழே அவர் எழுதியிருப்பது, முக்கியமாக யாராவது "நீ வரைஞ்சதா?" என்று கேட்டு அவர் "ஆமா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பதில், எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். பதிவின் லிங்க்கைத் தனியாக நகல் எடுத்து எங்காவது ஒட்டி வையுங்கள். ஸ்டோரியாகப் போட்டிருந்தால் 24 மணி நேரத்தில் போய்விடும், அதை உடனே எடுக்க வேண்டும். எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கம் என்றால், இணையப் பக்கங்களைத் தேதியோடு நகல் எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடலாம். அதில் மூன்றாமவரின் தேதி விழுவதால் ஸ்கிரீன்ஷாட்டை நீங்களே உருவாக்கியதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் சமூக வலைதளப் பக்கங்களில் இது பெரும்பாலும் வேலை செய்யாது, அங்கே ஸ்கிரீன்ஷாட்தான் கதி.

இன்னும் எங்கெல்லாம் போட்டிருக்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் உங்கள் படத்தை ஏற்றித் தேடலாம். இரண்டும் எல்லா இடத்தையும் காட்டிவிடாது, குறிப்பாகப் பூட்டிய கணக்குகளைக் காட்டாது, ஆனாலும் வேறு ஏதாவது தளத்தில் அதே படம் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது: உண்மையில் நடந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் "என் படத்தைத் திருடிவிட்டார்" என்று நமக்குத் தோன்றும் எல்லாமே ஒரே மாதிரி இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலும் இல்லை.

படத்தைப் பிடித்துப்போய்ப் பகிர்ந்திருக்கிறார், உங்கள் பெயரைப் போட மறந்துவிட்டார், தான் வரைந்ததாக எங்கேயும் சொல்லவில்லை. இது மறதி. ஒரு வரி அனுப்பினால் முடிந்துவிடும், கோபமே தேவையில்லை.

பெயரும் போடவில்லை, பார்ப்பவர்கள் அவர்தான் வரைந்தார் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள், அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார். நண்பர்களுக்குள் நடப்பதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான் என்பது என் எண்ணம். வாயால் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய் வளர இடம் கொடுக்கிறார்.

கையெழுத்தை வெட்டியிருக்கிறார், அழித்திருக்கிறார், தன் பெயரை எழுதியிருக்கிறார், அல்லது நேரடியாகவே "நான் வரைந்தது" என்கிறார். இதை மறதி என்று சொல்ல வழியே இல்லை. கையெழுத்து தானாக வெட்டுப்படாது.

அப்புறம் இருக்கிறது சிக்கலான ரகம். இருவரும் சேர்ந்து செய்தது. அவர் யோசனை சொன்னார், நீங்கள் வரைந்தீர்கள். அல்லது நீங்கள் கோடு போட்டீர்கள், அவர் வண்ணம் தீட்டினார். இதில் உங்களிடமே நேர்மையாக இருக்க வேண்டும். பதிப்புரிமை என்பது யோசனைக்குக் கிடையாது, அந்த யோசனை எந்த வடிவத்தில் தாளிலோ திரையிலோ வந்ததோ அந்த வடிவத்துக்குத்தான். "மழையில நிக்கிற ஒரு மிதிவண்டி வரையேன்" என்று அவர் சொன்னதால் அவர் ஓவியர் ஆகிவிட மாட்டார், ஆனால் "யோசனை: இன்னார்" என்று ஒரு வரி போடுவது மரியாதை. இதே விதி திரும்பியும் பொருந்தும். உங்கள் படத்தைப் பார்த்து, அதே கருவைத் தன் கையால் வேறு விதமாக அவர் வரைந்திருந்தால், எரிச்சலாக இருக்கும்தான், ஆனால் அது அவர் படம். கோட்டுக்குக் கோடு மேலே வைத்து டிரேஸ் செய்திருந்தால் அது வேறு கதை, அது உங்கள் படத்தின் நகல்தான்.

படத்தை அவருக்குப் பரிசாகவே கொடுத்திருந்தால்? பலர் இங்கேதான் குழம்பி விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். தாள் அவருடையது, வரைந்தவர் என்ற பெயர் உங்களுடையது. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை என்று ஒன்று 1886 முதல் இருக்கிறது, இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. 1928இல் ரோமில் அதைத் திருத்தியபோது சேர்த்த ஒரு பிரிவு, படைப்பை வைத்துப் பணம் பண்ணும் உரிமையை வேறொருவருக்குக் கொடுத்த பிறகும் "இதை உருவாக்கியவர் நான்" என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. அதை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இன்னொன்றும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது: பதிப்புரிமைக்கு எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வரைந்த உடனே அது வந்துவிடுகிறது. "நீ காப்பிரைட் வாங்கினியா?" என்று அவர் கேட்டால் தயங்க வேண்டாம்.

மூன்றாவது: நீங்கள்தான் வரைந்தீர்கள் என்பதைக் காட்டும் பொருட்கள்

நண்பரிடம் பேசும்போது இவற்றை எடுத்து நீட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் தேவையே படாது. ஆனால் கைவசம் இருக்கிறது என்ற தெம்பு இருந்தால் பேச்சில் பதற்றம் வராது. அதற்காகவே தேடி எடுங்கள்.

தாளில் வரைந்தது என்றால் அசல் தாள்தான் முதல் ஆதாரம். பென்சில் கோடுகள் வண்ணத்துக்கு அடியில் தெரியும், ஓரத்தில் வண்ணம் சோதித்துப் பார்த்த தீற்றல்கள் இருக்கும், ஸ்கெட்ச் நோட்டில் முந்தைய பக்கத்தில் நாலு முறை வரைந்து பார்த்துக் கைவிட்ட மாதிரிகள் இருக்கும். தோற்றுப்போன அந்த மாதிரிகள் மதிப்புள்ளவை, முடிந்த படத்தை எடுத்தவரிடம் அவை இருக்காது.

டிஜிட்டலில் வரைந்திருந்தால் லேயர்களோடு இருக்கும் மூல ஃபைல். எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும் ஜேபெக் படம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம், கோடு தனி, நிழல் தனி, வண்ணம் தனி என்று 30 லேயர் இருக்கும் ஃபைல் வரைந்தவரிடம்தான் இருக்கும். புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் வரைபவர் என்றால் நீங்களாக நிறுத்தி வைக்காத வரை அது முழு வரைதலையும் டைம்லாப்ஸ் வீடியோவாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும், போய்ப் பாருங்கள். கிளிப் ஸ்டூடியோவிலும் கிரிட்டாவிலும் அந்த வசதி உண்டு, ஆனால் அங்கே நாம்தான் தொடக்கத்திலேயே இயக்கி வைக்க வேண்டும்.

அளவையும் கவனியுங்கள். இணையத்தில் போட்ட படத்தைத் தளங்கள் சுருக்கிவிடும், இன்ஸ்டாகிராம் போன்ற இடத்தில் அகலம் 1080 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். உங்களிடம் 4000 பிக்சலில் அசல் இருக்கிறது, அவரிடம் சுருங்கியது மட்டும் இருக்கிறது என்றால் அதுவே பாதி கதையைச் சொல்லிவிடும். கேமராவில் எடுத்த படங்களுக்குள் எக்ஸிஃப் என்ற தகவல் இருக்கும், எந்தத் தேதி, எந்தக் கருவி என்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும். அதனால் அசல் ஃபைலைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள். அந்தப் படத்தை நண்பருக்கு நீங்கள் அனுப்பிய பழைய உரையாடலும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும், தேதியோடு. "இப்பதான் முடிச்சேன், எப்படி இருக்கு?" என்று நீங்கள் கேட்டு அவர் இதயம் போட்டிருந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இத்தனையும் போய்விட்டது, ஒன்றும் கையில் இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். மார்கரெட் கீன் என்ற அமெரிக்க ஓவியர், பெரிய பெரிய கண்களோடு குழந்தைகளை வரைந்தவர். அந்தப் படங்களைப் பல ஆண்டுகளாக அவர் கணவர் வால்டர் தான் வரைந்ததாகச் சொல்லி விற்றுவந்தார். 1970இல் மார்கரெட் உண்மையை வெளியே சொன்னார். 1986இல் ஹொனலுலு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது இருவரையும் அங்கேயே வரையச் சொன்னார்கள். வால்டர் தோள் வலிக்கிறது என்று மறுத்துவிட்டார். மார்கரெட் 53 நிமிடத்தில் வரைந்து முடித்தார், தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது. உங்கள் கதை நீதிமன்றம் வரைக்கும் போகாது. ஆனால் உங்கள் கை உங்களிடம்தான் இருக்கிறது, அதே மாதிரி இன்னொன்றை உங்களால் வரைய முடியும், அவரால் முடியாது.

நான்காவது: பேசுங்கள், தனியாக, 1 நாளுக்குள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், எல்லாரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

நேரில் பார்க்கும் நண்பர் என்றால் நேரில் பேசுங்கள், இல்லையென்றால் ஃபோன். அது முடிந்ததும் பேசியதை ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். நேரில் பேச நாக்கு வராது என்றால் நேராகச் செய்தியே அனுப்பலாம், தப்பில்லை. பொதுவில் மட்டும் வேண்டாம். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் கேட்டால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், உண்மையைச் சொல்ல மாட்டார்.

செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன பார்த்தீர்கள், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். "நீ ஏன் இப்படிப் பண்ணின" என்று ஆரம்பித்தால் பேச்சு அவருடைய காரணங்களுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், படத்தை மறந்துவிடுவீர்கள். நான் முதலில் அனுப்பியது அப்படித்தான் இருந்தது, முக்கால் பக்கம், பழைய கதையெல்லாம் இழுத்து. அதற்கு அவர் பதில் "நீ ரொம்ப எமோஷனலா இருக்க, அப்புறம் பேசலாம்". இரண்டாவதாக அனுப்பியது இது:

"அந்த மிதிவண்டி படம் நான் வரைஞ்சது. உன் பக்கத்துல உன் பேர்ல இருக்கு, கீழ என் கையெழுத்தையும் காணோம். நாளைக்கு ராத்திரிக்குள்ள பதிவத் திருத்தி என் பேரப் போட்டுடு, இல்லன்னா எடுத்துடு. கமெண்ட்ல கேட்டவங்களுக்கும் நான் வரைஞ்சதுன்னு ஒரு பதில் போட்டுடு. எனக்கு இது முக்கியம்."

அவ்வளவுதான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் "பரவால்ல, சும்மா சொன்னேன்" என்று முடிப்போம், அது கேட்டதை நாமே திரும்ப வாங்கிக்கொள்வது.

கமெண்டில் திருத்தம் போடச் சொன்னதையும் பாருங்கள். பதிவை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால், ஏற்கனவே பார்த்த அத்தனை பேர் மனதிலும் அது அவர் படமாகத்தான் நிற்கும். நாளைக்கு நீங்கள் அதை உங்கள் பக்கத்தில் போட்டால், "இது அவர் வரைஞ்சதாச்சே" என்று உங்களையே கேட்பார்கள். நீக்கினால் போதுமா, திருத்தம் வேண்டுமா என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மறதி ரகம் என்றால் இவ்வளவு கறாராக வேண்டாம். "என் பேர விட்டுட்டியே, டேக் பண்ணிடு" போதும்.

அவர் என்ன சொல்லக்கூடும், நீங்கள் என்ன சொல்லலாம்

"ஐயோ, சாரி, இப்பவே மாத்திடறேன்" என்று சொல்லி உடனே மாற்றியும் விட்டால், நன்றி சொல்லி அதோடு விடுங்கள். உண்மையாகவே விடுங்கள், ஒவ்வொரு சந்திப்பிலும் குத்திக்காட்டாதீர்கள்.

"நமக்குள்ள என்ன உன்னது என்னது?" இதுதான் எனக்கு வந்த பதில், இதைச் சமாளிப்பது கஷ்டம், ஏனென்றால் அன்பாகச் சொல்வது போலவே இருக்கும். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா என் பேரப் போடறதுல உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

"உனக்குத்தான் நான் விளம்பரம் பண்றேன், உன் படத்த இத்தன பேர் பாக்கறாங்க" என்பார்கள். பெயர் இல்லாமல் எது விளம்பரம்? அதையே சொல்லுங்கள்: என் பெயரோடு போடு, சந்தோஷமாக இருக்கும்.

"ஒரு படத்துக்கா இவ்ளோ?" இதற்கு வாதம் செய்யாதீர்கள். "ஆமா, எனக்கு அவ்ளோதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, கேட்டதையே மறுபடி கேளுங்கள்.

அழலாம். வீட்டில் பிரச்சினை, மனசு சரியில்லை, யாராவது பாராட்டினால் போதும் என்று இருந்தது என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், ஆறுதல் சொல்லுங்கள், நண்பர்தானே. ஆனால் கேட்டு முடித்த பிறகு "சரி, இப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே அந்தப் பதிவத் திருத்திடலாம்" என்று அங்கேயே முடித்துவிடுங்கள். இரக்கப்படுவதும் உங்கள் பெயரைக் கேட்பதும் ஒன்றையொன்று தடுப்பவை இல்லை.

கடைசி ரகம், முழு மறுப்பு. "நான்தான் வரைஞ்சேன்" என்று உங்களிடமே சொல்வார். அப்போது ஒரே ஒரு முறை ஆதாரத்தை அனுப்புங்கள், டைம்லாப்ஸோ அசல் தாளின் படமோ, கெடுவை நினைவுபடுத்துங்கள், பேச்சை நிறுத்துங்கள். இரவு இரண்டு மணி வரைக்கும் மாறி மாறிச் செய்தி அனுப்பி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஐந்தாவது: கெடு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்

இப்போது பதிவு இருக்கும் தளத்திடம் போகலாம். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகாருக்கு என்று தனிப் படிவம் இருக்கிறது. பதிவுக்கு மேலே இருக்கும் பொதுவான "ரிப்போர்ட்" பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது, "அறிவுசார் சொத்து" என்று வரும் வழியில் போய் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். அவருடைய பதிவின் லிங்க், உங்கள் அசல் இருக்கும் லிங்க் அல்லது அதைப் பற்றிய விளக்கம், உங்கள் பெயர், மின்னஞ்சல், இதெல்லாம் கேட்பார்கள். படைத்தவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் புகார் கொடுக்க முடியும், அதனால் உங்கள் மேல் அக்கறை உள்ள பத்து நண்பர்கள் ஆளுக்கு ஒன்றாகப் புகார் கொடுத்துப் பயனில்லை.

புகாருக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற இடங்களில் புகார் கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் அந்த நபருக்குப் போகும். பெயர் தெரியாமல் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருக்கும் தளங்கள் 1998இல் வந்த டி.எம்.சி.ஏ என்ற அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நடப்பவை, அதன்படி அவர் எதிர் அறிவிப்பு கொடுத்து "என்னுடையதுதான்" என்று வாதிடலாம். அப்படிக் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பவும் வந்துவிடும். பொய்யாக எதிர் அறிவிப்பு கொடுப்பவர் சட்டச் சிக்கலில் மாட்டலாம் என்பதால் பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள். இதே எச்சரிக்கை உங்களுக்கும் உண்டு, சேர்ந்து செய்த படத்துக்கு "முழுக்க என்னுடையது" என்று புகார் கொடுக்காதீர்கள்.

பதிவு ஏதோ ஒரு பக்கத்தில் இல்லாமல் வகுப்பிலோ வேலையிலோ போட்டியிலோ நடந்திருந்தால் வழி வேறு. அங்கே முடிவு எடுக்கும் ஒருவர் இருப்பார், ஆசிரியர், மேலாளர், ஏற்பாட்டாளர். அவரிடம் போங்கள், ஆனால் நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: "நாளைக்குள்ள நீயே சொல்லிடு, இல்லன்னா நான் சொல்லுவேன்." அவரே போய்ச் சொல்ல ஒரு வாய்ப்பு. மதிப்பெண்ணோ பரிசோ அறிவிக்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்த வாய்ப்பெல்லாம் கொடுக்க நேரம் கிடையாது, நேராகப் போய்விடுங்கள். போகும்போது நண்பரின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். "இந்தப் படம் நான் வரைந்தது, இதோ ஸ்கெட்ச், இதோ மூல ஃபைல், இதோ அவருக்கு நான் அனுப்பிய தேதி" என்று வையுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைப் படிக்கும் நீங்கள் பள்ளிப் பிள்ளை என்றால், புகார்ப் படிவம் நிரப்பும் முன்னால் நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை விற்றுக் காசு வாங்கியிருந்தால், அல்லது அச்சுப் போட்டுப் பொருளாக விற்றிருந்தால், அது நண்பர்களுக்குள் பேசித் தீர்க்கும் அளவைத் தாண்டிவிட்டது. பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள்.

பொது நண்பர்கள்

இதில்தான் மனசு அதிகம் அடிபடும். "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்கப்பா" என்பார்கள். யாரையும் உங்கள் பக்கம் சேர்க்க முயற்சி செய்யாதீர்கள். கேட்பவர்களுக்கு மட்டும், ஒரே மாதிரி, ஒரே வரியில் சொல்லுங்கள்: "அது நான் வரைஞ்சது, அவர்கிட்ட திருத்தச் சொல்லியிருக்கேன்." ஒருவரிடம் ஒரு மாதிரி, இன்னொருவரிடம் காரம் சேர்த்து என்று சொன்னால் அது சுற்றி வந்து உங்கள் மேலேயே விழும். பொதுவில் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அவர் பெயரை இழுக்காமல் உங்கள் படத்தை உங்கள் பக்கத்தில் போடுங்கள், ஸ்கெட்ச்சிலிருந்து முடிவு வரை வரிசையாக, தேதியோடு, "இந்தப் படம் உருவான விதம்" என்று. பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். சண்டையைவிட அதைத்தான் கடைசியில் அதிகம் பேர் பார்ப்பார்கள், உங்கள் வேலையைப் பற்றிப் பேசுவதாகவும் இருக்கும்.

அதற்கப்புறம் நட்பு

இதை இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. முதலில் பெயர் திருத்தப்படட்டும். ஒரு தடவை எடுத்தார் என்பதைவிட, நீங்கள் கேட்டபோது என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் நான் பார்ப்பேன். வெட்கப்பட்டுத் திருத்தியவரோடு தொடரலாம். நான் கேட்ட மூன்றாம் நாள் என் நண்பர் என் பெயரைப் போட்டார், வரைந்து தரச் சொல்லிக் கேட்டவரிடமும் போய் உண்மையைச் சொன்னார், அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்றும் பேசுகிறோம். உங்களையே பொய்யர் ஆக்கியவரோடு, அல்லது இரண்டாவது முறையும் எடுத்தவரோடு, அப்படித் தொடர வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. சண்டை போடாமலே விலகலாம்.

இனிமேல் செய்ய வேண்டிய சில

ஓரத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்துங்கள், ஓரம் வெட்டுவதற்குத்தான் வசதி. படத்துக்குள்ளேயே, வெட்டினால் படம் கெடும் இடத்தில் போடுங்கள், சுவரின் விரிசலில், துணியின் மடிப்பில், சக்கரத்தின் நிழலில். இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் மைக்கேலாஞ்சலோவின் பியெட்டா சிற்பத்தை வேறு யாரோ செதுக்கியதாக ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, அவர் இரவோடு இரவாகத் தன் பெயரை அதில் பொறித்தார் என்று, அந்தக் காலத்து ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். கதை எப்படியோ, பெயர் இன்றும் இருக்கிறது, மரியாளின் மார்பின் குறுக்கே ஓடும் பட்டையில், யாராலும் தவறவிட முடியாத இடத்தில்.

முடித்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் கிளோட் லொரேன் என்ற ஓவியர், தன் பெயரில் போலிப் படங்கள் உலவ ஆரம்பித்ததும், வரைந்து முடித்த படங்களை ஒரு புத்தகத்தில் சின்னதாகத் திரும்ப வரைந்து, பின்பக்கத்தில் யாருக்குக் கொடுத்தது என்றும் எழுதி வைத்தார். கிட்டத்தட்ட 200 வரைபடங்கள், இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நமக்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம், ஃபோன் இருக்கிறது. பென்சில் நிலையில் ஒன்று, பாதியில் ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று மூன்று படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள், தேதியோடு கிடக்கும்.

முழுப் படத்தையும் யாருக்கும் காட்டாதீர்கள் என்பது எனக்குப் பிடித்த இன்னொரு வழி. வெளியே போடும்போது நாலு பக்கமும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். அந்த விளிம்பு உங்களிடம் மட்டும் இருக்கும். யாராவது தன் படம் என்று சொன்னால், இடது ஓரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும்.

நண்பர்களுக்கு அனுப்பும்போது சின்ன அளவில் அனுப்புங்கள், அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், "எங்கயாவது போடறதுன்னா என் பேரோட போடு". அந்த மிதிவண்டிக்குப் பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் அனுப்புகிறேன், அந்த நண்பருக்கும். இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.